ஒரு ரெட்டை வண்டி, ரெண்டு ஒத்தை வண்டி

கிட்ட வந்து உக்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இது உரக்கச் சொல்ற விஷயம் இல்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் வடிவு வாயைத் திறந்து பேசினதை விரல் விட்டு எண்ணிரலாம், மிச்சமெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள்ளேயே ஓடினது, அதைத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னால் நல்லா இருக்காது. திருநெல்வேலி டவுணில் ரத வீதியில் ஒரு பிள்ளைச் சாமான் கடை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கிட்டு உள்ளே போனால் பவுடர் வாசமும் புது ரப்பர் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறும். சாயங்காலம் நாலு மணி இருக்கும். வடிவு நிக்கிறாள், தோளில் பெரியவள். பக்கத்தில் அவள் புருஷனோட அக்கா கோமதி மதினி நிக்கிறாள், தோளில் சின்னவள். பெரியவள் சின்னவள் என்கிறது பேச்சுக்குத்தான், ரெண்டுக்கும் நாலே நிமிஷந்தான் வித்தியாசம், பிறந்து முப்பத்தெட்டு நாள் ஆகுது, பேர் இன்னும் விடவில்லை. புருஷன் ஆவுடையப்பன் கடை வாசலில் நின்னுக்கிட்டு போனில் யார்கிட்டயோ லோடு இறங்கிச்சா இறங்கிச்சான்னு கேட்டுக்கிட்டு இருக்கான், உள்ளே வரமாட்டான், பொம்பளைங்க காரியம்னு சொல்லிட்டான். பிள்ளைகளை வச்சுத் தள்ளுற வண்டி வாங்கணும்னு கேட்டதே வடிவுதான். வயித்துத் தையல் ஒரு இடத்தில் சீழ் பிடிச்சுப் பிரிஞ்சு மறுபடி போட்டிருக்கு, மூணு மாசத்துக்குக் கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்கு, ஊசி போடுற இடத்துக்குத் தெருக்கோடி வரைக்கும் நடக்கணும், வடிவு அம்மா இல்லாத பிள்ளை, பகலில் வீட்டில் ஒத்தை ஆள். சரி, வாங்கிருவோம், என் மருமகளுகளுக்கு நானே வாங்கித் தாரேன்னு மதினி சொன்னாள். வந்து பார்த்தால் கடைக்கார அண்ணாச்சி, பீர்முகம்மதுன்னு பேரு, கண்ணாடியை நெத்தியில் ஏத்தி விட்டுக்கிட்டு, “ரெட்டைப் பிள்ளைக்கா? அதுக்குன்னே ஒரு பீஸ் கிடக்கு. ஒண்ணே ஒண்ணுதான்”னு உள்ளே இருந்து உருட்டிக்கிட்டு வந்தார். மதினி அதை ஒரு பார்வை பார்த்தாள். “ரெட்டை எதுக்கு அண்ணாச்சி. ஒத்தையா ரெண்டு காட்டுங்க, அதுதான் தோது”ன்னாள். அவ்வளவுதான். அந்த இடத்தில்தான் வடிவுக்குப் புரிஞ்சுது. ரெண்டு ஒத்தை வண்டி ஒரு வீட்டுக்கு இல்லை. ஒண்ணு இந்த வீட்டுக்கு, ஒண்ணு அந்த வீட்டுக்கு. இன்னும் மூணு நாள்தான், நாப்பத்தொண்ணு அன்னைக்குப் பேர் விட்ட கையோட சின்னவளை மதினி தன் வீட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போறாள், போனா போனதுதான், வளர்க்க, வச்சுக்கிட. எல்லாரும் ஒத்துக்கிட்ட விஷயம் அது. முதல்ல சொன்னதே வடிவுதான்.

அண்ணாச்சி ஒத்தை வண்டி ரெண்டைக் கொண்டுவந்து ரெட்டை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஒண்ணு பச்சை, ஒண்ணு ஆரஞ்சு. ரெட்டை வண்டி நல்ல ஊதா, ரெண்டு இருக்கை பக்கத்தில பக்கத்தில, நடுவில் ஒரு துணிச்சுவர், ரெண்டு தலைக்கும் ரெண்டு குடை. இதைச் சாய்ச்சா கட்டில் மாதிரி ஆயிரும், நேத்துப் பிறந்த பிள்ளையையும் படுக்க வைக்கலாம், சக்கரத்தைப் பாருங்க சத்தமே கேக்காதுன்னு சொல்லிக்கிட்டே பச்சை வண்டியைச் சும்மா முன்னயும் பின்னயும் ஆட்டினார் பாருங்க, மதினியும் வடிவும் ஒரே நேரத்தில், ஒரே குரலில், “காலி வண்டியை ஆட்டாதீங்க”ன்னுட்டாங்க. அவர் மின்சாரம் பட்ட மாதிரி கையை எடுத்துட்டார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க, பார்த்துட்டு ரெண்டு பேருமே வேற பக்கம் திரும்பிக்கிட்டாங்க. “எங்க வீட்டுலயும் சொல்லத்தான் செய்வாக, மறந்துட்டேன்மா”ன்னு அவர் அலமாரியில் இருந்து ஒரு கரடி பொம்மையை எடுத்து வண்டிக்குள்ள உக்கார வச்சு பெல்ட்டையும் மாட்டி, “இப்ப ஆட்டலாம்லா”ன்னு ஆட்டினார். கரடி ஆடிக்கிட்டே போச்சு வந்துச்சு. காலித் தொட்டிலை ஆட்டக் கூடாது, ஆட்டினா பிள்ளைக்கு வயித்து வலி வரும், அதுக்கு மேலயும் என்னமோ வரும், அதை யாரும் வாயால சொல்றது இல்லை. ஆனா கோயில் மரத்தில் மட்டும் எதுக்குக் காலித் தொட்டிலைக் கட்டி விடுறாங்க, காத்து வந்து ஆட்டட்டும்னா? வடிவு கல்யாணமாகி வந்த முதல் வருஷம் மதினிகூட அந்தக் கோயிலுக்குப் போயிருந்தாள். வேப்பமரத்தில் குட்டி குட்டியா மரத்தொட்டில், மஞ்சத்துணித் தொட்டில், சரம் சரமா. மதினி ஒரு கிளையைக் காட்டி, இது எட்டாவது வருஷம் கட்டினது, அந்தா அந்தச் செவப்புத்துணி போன வருஷம் கட்டினது, அதுக்குப் பக்கத்துல இருந்தது அத்துப் போச்சுன்னு, யாரோ வீட்டுத் தென்னையைக் காட்டுற மாதிரி காட்டினாள். சிரிச்சாள்கூட. பதினேழு வருஷம். பதினேழு வருஷமா அந்த மரத்தில் காத்து ஆட்டிக்கிட்டே இருக்கு. அந்த மனுஷிகிட்ட ஒரு பிள்ளையைக் கொடுத்தா என்ன குறைஞ்சு போவும், உனக்குத்தான் ரெண்டு இருக்கே, ரெண்டும் பொம்பளைப் பிள்ளை வேற, அடுத்த தெருதானே, கூப்பிட்டாக் கேட்கும் தூரந்தானே. இதெல்லாம் மத்தவங்க சொன்னது. மாமியார் இருந்திருந்தா அவங்களும் சொல்லியிருப்பாங்க. ஆவுடையப்பன் சாப்பிட்டுக்கிட்டே இருந்தான், ரெண்டாவது தடவை ரசம் ஊத்தச் சொன்னான். கரடி இன்னமும் ஆடிக்கிட்டு இருக்கு. அதோட கண்ணு பொத்தான் கண்ணு, மூடாத கண்ணு.

ஆனா சொன்னது நீதானே, அப்படின்னு அவளுக்குள்ள ஒண்ணு கேக்கும், எங்க நின்னாலும் கேக்கும், இப்ப இந்த ரப்பர் வாசத்துக்குள்ள நின்னாலும் கேக்கு. நீதானே சொன்னே. பதினாலாம் நாள், மத்தியானம், வெயில் கூரையைப் பிடிச்சு அழுத்துது, பெரியவ அழுதா, அவளைத் தூக்கினா சின்னவ அழுதா, சின்னவளுக்குப் பால் கொடுத்தா பெரியவ கத்துறா, தையல் இடத்தில் துணி ஒட்டிக்கிட்டு வலி உயிர் போவுது, ரெண்டும் ஒண்ணா வாயைத் திறந்தப்ப அது பிள்ளை அழுற சத்தமாவே இல்லை, யாரோ தகரத்தை இழுத்துக்கிட்டே தெருவில் போற மாதிரி. வடிவு ரெண்டையும் பாயில் போட்டுட்டு எந்திரிச்சாள். கதவைச் சாத்தினாள். பின்கட்டுக்குப் போய்த் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் காதைப் பொத்திக்கிட்டு நின்னாள். எவ்வளவு நேரம் நின்னாள்? அதுதான் தெரியலை. ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரமா, ஒரு பானை சோறு வேகுற நேரமா. கல்லில் ஒரு எறும்பு ஒரு சோத்துப் பருக்கையை இழுத்துக்கிட்டுப் போச்சு, அது கல்லைத் தாண்டிற வரைக்கும் பார்த்துக்கிட்டு நின்னது மட்டும் ஞாபகம் இருக்கு. ரெண்டும் இல்லாமப் போயிட்டா நல்லாத் தூங்கலாம்னு நினைச்சாளே, அது அப்பத்தான் நினைச்சதா, இல்லை பிறகு நினைச்சதா? நினைச்சாள். அப்ப மதினி முன்வாசல் வழியா வந்துட்டாள், பிள்ளைக ரெண்டும் செவசெவன்னு ஆகி மூச்சு இழுக்குதுக, இவ பின்கட்டில் நிக்கிறா. மதினி ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருக்கலாம், திட்டியிருந்தா பதிலுக்கு இவளும் ஏதாவது பேசி அழுது அத்தோட போயிருக்கும். மதினி தண்ணி கொண்டாந்து இவ முகத்தைத் துடைச்சு விட்டாள். அப்ப இவ வாயில் இருந்துதான் வந்துச்சு, “என்னால முடியலை மதினி. ஒண்ணை நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க.” எதைன்னு சொல்லலை. மதினி குனிஞ்சாள், பாயில் எது கைக்குக் கிட்டக் கிடந்துச்சோ அதைத் தூக்கினாள். அதுதான் சின்னவள். பெரியவ இந்தப் பக்கம் கிடந்திருந்தா? ஒரு முழம் தள்ளிக் கிடந்திருந்தா? இவதானே போட்டா, இவ கைதானே இடது வலது பார்க்காம வீசிப் போட்ட மாதிரி போட்டுச்சு. அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு, அதை ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கட்டின அட்டையைத் தீட்டுக் கழிச்ச அன்னைக்கு அத்துப் போட்டாச்சு, அதுக்குப் பதிலா வசம்பு வளையல், பெரியவளுக்கு வலது கை, சின்னவளுக்கு இடது கை, அதுதான் அடையாளம். பன்னெண்டாவது நாளோ பதிமூணாவது நாளோ குளிப்பாட்டினப்ப ரெண்டு வளையலும் நனைஞ்சு நூல் அவுந்துருச்சு, காய்ஞ்ச பிறகு இவதான் திருப்பிக் கட்டினாள், கண்ணு சொக்கச் சொக்கக் கட்டினாள். சரியாத்தான் கட்டினாளா? ரெண்டும் ஒரே அச்சு. அப்படின்னா போறது சின்னவதானா? இப்ப இந்தத் தோளில் கிடந்து இவ கழுத்தில் எச்சில் வடிக்கிறது யாரு? எது போகுதுன்னே தெரியாம ஒண்ணு போகுது. எது இருக்குன்னு தெரியாம ஒண்ணு இருக்கும். தெரிஞ்சா மட்டும் எதைக் கொடுப்பே, சொல்லு, எதைக் கொடுப்பே.

“என்னம்மா, எந்தக் கலர் பிடிச்சிருக்கு?”ன்னு அண்ணாச்சி கேட்டார். மதினிதான் பேசினாள், “பச்சை அவளுக்கு எடுத்துக்கிடட்டும், எனக்கு அந்த ஆரஞ்சு போதும்.” எனக்குன்னு சொன்னாள். சொல்லிட்டு சட்டுன்னு சின்னவளைத் தட்டிக் கொடுத்தாள். அண்ணாச்சி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், கடைக்காரங்களுக்குப் பழக்கம் உண்டு, ஒண்ணும் கேக்கமாட்டாங்க. அந்நேரம் சின்னவ சிணுங்கினாள். முதல்ல ஒரு சின்ன முனகல், அப்புறம் உதடு கோணி, அப்புறம் அழுகை. வடிவுக்கு உடனே மாரில் பால் சுரந்து ரவிக்கை நனைஞ்சு போச்சு. மாராப்பை இழுத்து மூடினாள். அழுறது அங்கே, நனையுறது இங்கே, இடையில் ரெண்டு எட்டு தூரம் மொசைக் தரை. மதினி பையில் இருந்து புட்டியை எடுத்தாள், வெந்நீர் பிளாஸ்க், பவுடர் டப்பா, எல்லாம் அளவா, ஒரு சொட்டு சிந்தாம, புறங்கையில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்து வாயில் வச்சாள், சின்னவ சப்புச் சப்புன்னு இழுத்தாள். மதினிக்கு எல்லாம் கையோட வரும். ஊரே அவளைச் சாமர்த்தியக்காரின்னு சொல்லும். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கீழே துணி விரிச்சுப் படுத்து, இவளோட ரத்தத் துணியெல்லாம் அலசிப் போட்டது இந்தக் கைதான். பெத்த தாய் இருந்தாக்கூட அப்படிச் செஞ்சிருப்பாளான்னு சந்தேகம். அப்படிப்பட்டவளை வெறுக்கவும் முடியலையே, அதுதான் பெரிய பாடா இருக்கு. வெறுக்க முடிஞ்சா சண்டை பிடிச்சிரலாம். ரெண்டு வண்டி தெருவில் எதிரெதிரா வரும். பச்சை இங்கேயிருந்து, ஆரஞ்சு அங்கேயிருந்து. பிள்ளையார் கோயில் முக்கில் நிக்கும். இங்க பாரு யாரு வந்திருக்கா பாருன்னு மதினி ஆரஞ்சுக்குள்ள குனிஞ்சு சொல்வாள். யாரு வந்திருக்கான்னு சொல்வாள்? மதினியை அம்மான்னு கூப்பிடுற பிள்ளை வடிவை என்னன்னு கூப்பிடும்? அத்தைன்னு கூப்பிடும். அம்மாவோட தம்பி பொண்டாட்டி அத்தைதானே. சரி, அத்தைன்னே கூப்பிட்டுட்டுப் போகட்டும், ஆனா இதுக ரெண்டும்? இதுக ஒண்ணை ஒண்ணு என்னன்னு கூப்பிடும்? அத்தை மகளும் மாமன் மகளும் முறைக்கு என்ன? வடிவு அங்கேயே நின்னு விரலை மடக்கிப் பார்த்தாள், மறுபடி மடக்கிப் பார்த்தாள், எந்தப் பக்கம் சுத்தினாலும் ஒரே இடத்தில் வந்து நிக்குது. மதினி. இவ இந்தக் கோமதியைக் கூப்பிடுறாளே, அதே முறை. ஒரு வயித்தில் காலோட கால் பின்னிக் கிடந்ததுக, ஒண்ணு திரும்பினா இன்னொண்ணுக்கு இடம் இல்லாம இடிச்சுக்கிட்டுக் கிடந்ததுக, ஸ்கேனில் கையைக் கோத்த மாதிரி தெரிஞ்சுதேன்னு படம் எடுத்த அம்மா சிரிச்சாளே, அதுக நாளைக்கு வா மதினி, போ மதினின்னு பேசிக்கிடும். கல்யாண வீட்டில் ஒண்ணு சீர்த்தட்டைத் தூக்கிக்கிட்டு வரும், இன்னொண்ணு வாங்கி வைக்கும். அக்கா தங்கச்சி முறையே இல்லாமப் போயிருமே. பக்கத்தில் ஏதோ ஒரு விளையாட்டுச் சாமான் கிளிங் கிளிங்னு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கிட்டு இருந்தது, அதை நிறுத்த மாட்டாங்களா.

“ரெட்டை வண்டியே எடுத்துக்கிடுதேன் மதினி.” இது அவ பேசினதுதான். குரல் எலிக்குஞ்சுக் குரல். மதினிக்குக் கேட்டது. மதினி கோவப்படலை, கோவமே வராது அவளுக்கு. புட்டியை வடிவுகிட்டக் கொடுத்துட்டு, சின்னவளைத் தோளில் சரிச்சுப் போட்டுக்கிட்டு, குனிஞ்சு, வலது கையை விரிச்சு ரெட்டை வண்டியைச் சாண் போட்டாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, அதுக்கு மேலயும் நாலு விரக்கடை. “நம்ம வீட்டு நெலைக்குள்ள இது நுழையாதுட்டி. நான் பிறந்து வளர்ந்த வீடுல்லா. வாசல் ரெண்டரைச் சாணுக்கு ஒரு நூல் கூடக் கிடையாது. தெருவுல நிறுத்தி வச்சா நாயி வந்து படுக்கும்.” அண்ணாச்சியும் சேர்ந்துக்கிட்டார், “வாசல் அகலம் பார்க்காம எடுக்காதீங்கம்மா. போன மாசம் ஒருத்தர் எடுத்துட்டுப் போயி மறுநாளே கொண்டாந்துட்டாரு.” அளவு. அளவுக்கு என்ன பதில் சொல்ல முடியும். அழுது காட்டினா சாண் நீளுமா. வடிவு அந்த வாசலை நினைச்சுப் பார்த்தாள். பழைய தேக்கு நெலை, குனிஞ்சுதான் போகணும், ஒவ்வொரு நாளும் எத்தனை தடவை போயிட்டு வந்திருக்கா, அகலம் தெரியலை. ரெண்டரைச் சாணா இருக்குமா? இருக்கும். கல்யாணத்துக்குக் கொடுத்த பீரோ வந்தப்ப நேரா வரலை, நாலு பேர் அதைச் சாய்ச்சு ஒருக்களிச்சுக் காலைத் தூக்கி, மூலையில் ஒரு நசுங்கல் விழுந்துச்சு, அவ அப்பா அதைத் தடவிப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. கட்டிலைக் கழட்டித்தான் உள்ளே கொண்டு போனாங்க. பிரிட்ஜ் கதவைத் தனியா எடுத்துட்டு உள்ளே தள்ளினாங்க. ஆஸ்பத்திரியில் இருந்து பிள்ளைகளோட வந்தப்பவும் அப்படித்தான், ஆலாத்தி எடுத்து முடிச்சதும் ரெண்டு பேரும் பிள்ளையோட ஒண்ணா நுழையப் போயி தோளும் தோளும் இடிச்சுக்கிட்டு, மதினி சின்னவளைத் தூக்கிக்கிட்டு முதல்ல போனாள், இவ பின்னால போனாள். அந்த வாசலே ஒண்ணு ஒண்ணாத்தான் விடும்போல. ஒவ்வொருத்தரா வா, ஒவ்வொண்ணாக் கொண்டா. உள்ளே வந்தது எல்லாம் ஒருக்களிச்சு வந்திருக்கு. வெளியே போனது? வெளியே போனது என்னென்ன? பழைய ஆட்டுரல் போச்சு, உருட்டிக்கிட்டே போச்சு. மாமாவோட சாய்வு நாற்காலி மடக்கிப் போச்சு. மாமா போனாரு. மாமா எப்படிப் போனாரு? நாலு வருஷம் ஆச்சு, மதினியோட அப்பா, ஆவுடையப்பனோட அப்பா, நல்ல தண்டியான ஆளு, விறைச்சுப் போன உடம்பு, அவரை ஒருக்களிக்க முடியுமா. பெஞ்சோட தூக்கினாங்க, இந்தப் பக்கம் ரெண்டு பேர், அந்தப் பக்கம் ரெண்டு பேர், பக்கவாட்டில் கையைக் கொடுத்துக்கிட்டு, அப்படியே நேரா, நெலையில் இடிக்காம, சட்டுன்னு வெளியே. இடிக்கவே இல்லையே. ஏன் இடிக்கலை? ஏன்னா ஆவுடையப்பன் உலக்கையை எடுத்துட்டு வந்து தாழ்ப்பாளைக் கீழேயிருந்து அடிச்சான். டங்கு டங்குன்னு. துரு உதிர்ந்துச்சு. அது ரெட்டைக் கதவு. ஒரு கதவுதான் எப்பவும் திறந்து மூடுறது, மத்த கதவு மேலயும் கீழயும் தாழ் போட்டு வருஷக்கணக்கா அப்படியே நிக்கும், அதுக்குப் பின்னால அரிசி டிரம்மு, அதுக்கு மேல முருகன் காலண்டர். அன்னைக்கு ஒரு நாள்தான் அதைத் திறந்தாங்க. பொணம் போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டு மறுபடி தாழ் போட்டு டிரம்மை நகட்டி வச்சுட்டாங்க. திறக்காதீங்கன்னு யாரும் சொல்லலை. யாரும் திறக்கலை. அது கதவுங்கிறதே மறந்து போயி சுவரா ஆயிருச்சு. மதினி அந்த வீட்டிலேயே பிறந்தவ, அவளுக்கும் அது சுவருதான், பாதி வாசலைத்தான் முழு வாசல்னு நினைச்சுச் சாண் போட்டு வச்சிருக்கா. இதைச் சொல்லலாமா? அப்பன் போன கதவை மகள்கிட்டச் சொல்லிக் காட்டலாமா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, பச்சைப் பிள்ளைகளைக் கையில் வச்சுக்கிட்டு? சொன்னா மதினி முகம் என்னமா ஆகும். சொல்லாட்டி? சொல்லாட்டி பச்சை ஒண்ணு ஆரஞ்சு ஒண்ணு. பில் போடுற மேசை பத்து எட்டு தூரம்.

“மதினி,” வடிவு சொன்னாள். “மாமாவை எடுத்தப்ப ரெண்டு கதவையும் திறந்தாங்கள்ளா.”

அண்ணாச்சி கரடியோட பெல்ட்டைக் கழட்டப் போனவர் அப்படியே நின்னுட்டார். கிளிங் கிளிங் மட்டும் பாடுது. மதினி தோளில் கிடந்த சின்னவளோட முதுகைத் தடவிக்கிட்டே ஊதா வண்டியைப் பார்த்தாள். அப்புறம், “அது எங்கப்பா போன கதவுட்டி”ன்னாள். குரல் உடையலை, ஆனா அதில் பதினேழு வருஷக் காத்து அடிச்சது. வடிவு விடலை. “ஆமா மதினி. அவுக அதே வழியா பேத்தியா வரட்டும்”னாள். சொன்னது தானா, இல்லை வேற யாராவதான்னு அவளுக்கே தெரியலை. மாமா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு, அந்த மனுஷன் இந்த மதினிக்காக எத்தனை கோயில் படி ஏறினாரு, ஒரு பேரப்பிள்ளையைக் கண்ணால பாக்காமப் போனாரு, இப்ப ரெண்டு. ரெண்டும் அவரு வீட்டுலதான் இருக்கணும்னு சொல்வாரா, மகளுக்கு ஒண்ணைக் கொடு தாயின்னு சொல்வாரா? ரெண்டையும்தான் சொல்வாரு. செத்தவங்ககிட்டக் கேட்டா ரெண்டையும்தான் சொல்வாங்க.

பெரியவ முழிச்சு நெளிஞ்சாள். வடிவு அவளை மெதுவா இறக்கி ஊதா வண்டியோட வலது பக்கத்தில் படுக்க வச்சாள். தையல் சுரீர்னு இழுத்துது, பல்லைக் கடிச்சுக்கிட்டாள். வண்டியை ஒரு தள்ளுத் தள்ளினாள், அது நேரா போகாம ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போயி ஒரு நடைவண்டி மேல முட்டிச்சு. அண்ணாச்சிக்கு அது பொறுக்கலை, அவரு சரக்குல்லா. “அது அப்படித்தாம்மா இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தா ஓடாது. இன்னொரு பிள்ளையையும் படுக்க வச்சுப் பாருங்க, ஒத்தை விரல்ல போவும்”னார். வடிவு மதினியைப் பார்த்தாள். மதினி இவளைப் பார்க்கலை. “பாக்கத்தானே மதினி. எங்க ஓடிரப் போவுது”ன்னாள் வடிவு. மதினி குனிஞ்சாள். குனிஞ்சவ ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாள், தலைக்குக் கீழே கையைக் கொடுத்து, துணியை மடிச்சு வச்சு, கையை உருவுறதுக்கு அத்தனை நேரம். சின்னவ படுத்தாள். நடுவில் இருந்த துணிச்சுவரை வடிவு சுருட்டி மேலே கட்டினாள். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன், முப்பத்தெட்டு நாள் பிள்ளைக்கு என்ன தெரியும். ஆனா சின்னவ காலை உதறினப்ப அது பெரியவ கால்ல பட்டுச்சு, பெரியவ இழுத்துக்கிடலை. வடிவு பெல்ட்டை மாட்டினாள். டிக். அந்தப் பக்கம் வந்து இன்னொண்ணையும் மாட்டினாள். டிக். எது வலது கை வளையல், எது இடது கை வளையல்னு அவ பார்க்கவே இல்லை.

மதினி நிமிர்ந்தாள். அவ தோளில் சின்னவ வாய் வச்ச இடத்தில் பால் பூத்து ஒரு வட்டம் ஈரமா இருந்துச்சு, அதை ஒரு கையால பொத்தினாள். மத்த கை சும்மா தொங்குச்சு. வடிவுக்கு அந்தத் தொங்குற கை தெரியும். பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், காதில் இருந்து எடுத்த பிறகு, அவ கை அப்படித்தான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. “அப்ப நாப்பத்தொண்ணு அன்னைக்கு”ன்னு மதினி ஆரம்பிச்சாள். முடிக்கலை.

“நீங்கதான் பேர் விடணும் மதினி. ரெண்டுக்கும்.”

“பேரை விட்டுட்டு?”

“விட்டுட்டு எங்க போறீங்க. எனக்கு ரெண்டை ஒத்தையா வளர்க்கத் தெரியாது மதினி, அன்னைக்கே சொன்னேன்லா, என்னால முடியலைன்னு. இன்னைக்கும் முடியலை. தினமும் விடிஞ்சதும் வந்துருங்க, கதவு திறந்துதான் கிடக்கும்.”

மதினி சிரிச்ச மாதிரி இருந்துச்சு. “வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேன்”னாள். “எங்க வீட்டுக்காரரு கிட்ட என்ன சொல்ல? அவரு தொட்டிலுக்குக் கொக்கி அடிச்சுட்டாரு.” வடிவுக்குக் கண்ணு ரெண்டும் ரொம்பிப் போயி மதினி கலங்கலாத் தெரிஞ்சாள், அந்தக் கலங்கலுக்குள்ள மதினி கை மெதுவா வண்டிக்குள்ள போச்சு, சின்னவளோட பெல்ட்டைத் தேடிச்சு. தேடிச்சு, நிஜமா. விரல் அந்தப் பொத்தான் மேல வந்து நின்னுச்சு. ஒரு அமுக்கு அமுக்கினாப் போதும். வடிவு தடுக்கலை, தடுக்கத் தெம்பு இல்லை, இங்க வச்சுப் பிடிச்சு இழுத்தா ரெண்டும் எழுந்துரும், ரோடு வேடிக்கை பார்க்கும், ஆவுடையப்பன் போனை வச்சுட்டு வருவான், வந்து அக்கா பக்கம்தான் நிப்பான்.

அப்புறம் வடிவு என்ன செஞ்சாள்னா, வண்டியைச் சுத்திக்கிட்டு மதினி பக்கத்தில் வந்தாள். பால்பையை, பிளாஸ்க்கை, டப்பாவை எல்லாம் மதினி தோளில் இருந்து கழட்டித் தன் தோளில் மாட்டிக்கிட்டாள். “தையல் சுருக்கு சுருக்குங்கு மதினி, என்னால ஒரு எட்டுத் தள்ள முடியாது. வீடு வரைக்கும் நீங்கதான் தள்ளணும்”னு சொல்லி, அந்தப் பொத்தான் மேல இருந்த விரலை நோகாம எடுத்து, முதல்ல அந்தக் கையை, பிறகு ஈரத்தைப் பொத்திக்கிட்டு இருந்த இன்னொரு கையை, ஒண்ணு ஒண்ணா எடுத்து ரெட்டை வண்டியோட கைப்பிடி மேல வச்சாள்.